வாங்கிய அன்றே விடாதீர்கள்

கொல்லையில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இன்னும் நாலு சேர்த்தால் என்ன என்று தோன்றிவிடும். பெட்டை ஒன்றை நாய் தூக்கியிருக்கும், சேவலுக்கு வயதாகியிருக்கும், இல்லாவிட்டால் சந்தையில் நல்ல செவலை விடைக்கோழி ஒன்று கண்ணில் பட்டிருக்கும். வாங்கி வந்து, கால்கட்டை அவிழ்த்து, இருப்பவற்றோடு விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில், “கொத்தியே கொன்னுரும்போல இருக்கே, என்ன செய்ய?” என்று கேட்டு வருவார்கள்.

கொத்து ஒரு வாரத்தில் அடங்கிவிடும். புதுக்கோழி கூடவே கொண்டுவரும் சீக்கு அப்படி அடங்காது. கூட்டையே காலி செய்துவிட்டுத்தான் போகும். அதனால் கீழே சொல்வதில் முதல் பாதி நோயைப் பற்றியது, சண்டையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். புதிதாக வளர்க்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கூட்டை அளந்து பார்த்துவிட்டுக் கோழியை எண்ணுங்கள்.

இரவில் அடையும் கூட்டில் வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடமாவது வேண்டும். ஏறி உட்காரும் கம்பில் தலைக்கு 8 அங்குலம். நாலுக்கு நாலடிக் கூடு என்றால் எட்டு கோழி, மிஞ்சிப்போனால் பத்து. ஏற்கெனவே எட்டு இருக்கும் கூட்டில் இன்னும் நான்கைத் திணித்தால், ஒன்றையொன்று பழகிய பின்னும் கொத்து ஓயாது. அந்தச் சண்டை ஆள் புதிது என்பதால் வருவதல்ல, இடம் போதாததால் வருவது. கூட்டைப் பெரிதாக்கி, கூடுதலாக ஒரு தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வாங்கி வைத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்புங்கள். கோழியை வீட்டில் வைத்துக்கொண்டு தச்சரைத் தேடி அலைய வேண்டாம்.

2. சந்தையில் விலை சரிந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு திரும்புங்கள்.

திண்டுக்கல் பக்கம் அய்யலூரில் வியாழக்கிழமை, சிவகங்கைப் பக்கம் திருப்புவனத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் கோழி விலை ஏறும். அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மாசி, பங்குனியில் திடீரென்று ஏகப்பட்ட கோழி வந்து மலிவாகக் கிடைத்தால் காரணத்தை யோசியுங்கள். வெயில் ஏறும் அந்தக் காலம்தான் வெள்ளைக் கழிச்சல் அதிகம் விழும் காலம். பக்கத்து வீட்டுக் கோழி சுருண்டது என்றவுடன், இருப்பதைக் காசாக்கிவிடலாம் என்று ஊரே சந்தைக்குத் தூக்கிக்கொண்டு வரும். பார்க்க நன்றாக இருக்கும் கோழிக்குள்ளும் கிருமி ஏறியிருக்கும்.

சந்தையைவிட நல்லது, கொல்லையை நேரில் பார்த்து வாங்கக்கூடிய வீடு. அங்கே போய்க் கோழியைப் பார்க்கும் முன் கூட்டையும் எச்சத்தையும் பாருங்கள். போன மாதம் எத்தனை செத்தது என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

3. கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கால் கட்டித் தரையில் கிடக்கும் கோழியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கட்டை அவிழ்க்கச் சொல்லி நிற்க வையுங்கள். இரண்டு காலிலும் ஊன்றி நிற்கிறதா, இறக்கை தொங்குகிறதா, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கி வழிகிறதா என்று பாருங்கள். பிறகு மார்பு உள்ளங்கையில் படும்படி இடது கையில் ஏந்திக்கொள்ளுங்கள். கால்கள் விரலிடுக்கில் இருக்கட்டும்.

முதலில் முகம். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும். கண்ணோரம் நுரை கட்டியிருந்தாலோ, முகம் ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ அது சளி நோய். மூக்குத் துளையின் மேல் மெல்ல அழுத்துங்கள். நீர் கசிந்து நாற்றம் அடித்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். கொண்டையிலும் கண் இமையிலும் கறுத்த கொப்புளம் இருந்தால் அம்மை. காதருகே கொண்டுபோய் மூச்சைக் கேளுங்கள். கறகறவென்று சத்தம் வரக் கூடாது.

அடுத்து உடம்பு. நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இருக்க வேண்டும்; எலும்பு மட்டும் கூராகத் தட்டுப்பட்டால் நெடுநாள் நோயோ புழுவோ இருக்கிறது. கழுத்தடியில் இரைப்பை கல்லுக்கட்டாக இருந்தால், எடை ஏற்றுவதற்காகக் காலையில் தீனியைத் திணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாலைத் தூக்கிப் பின்துவாரத்தைப் பாருங்கள். அங்குள்ள மயிர் பச்சையும் வெள்ளையுமாக ஒட்டியிருந்தால் வேண்டாம். அதே இடத்தில் மயிரை ஊதி விலக்கினால் பேன் ஓடுவது தெரியும்; மயிர் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது ஈறு. காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதிலுக்குள் புகும் ஒரு பூச்சியின் வேலை. பேனுக்கும் செதில் பூச்சிக்கும் வைத்தியம் உண்டு, விலையைக் குறைத்து வாங்கலாம். சளிக்கும் கழிச்சலுக்கும் எவ்வளவு குறைத்தாலும் வாங்கக் கூடாது.

முட்டைக்கென்று வாங்கினால் இன்னொன்றும் பாருங்கள். பின்துவாரத்துக்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிற கோழி. ஒரு விரல்கூட நுழையாமல், கொண்டையும் சிறுத்து வெளிறியிருந்தால் இப்போதைக்கு முட்டையில்லை.

4. வாங்கும் நாளுக்கும் விடும் நாளுக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கட்டும்.

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வதை மருத்துவர்கள் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத் ஊரின் பெயரால் குறிப்பிடுவார்கள். அந்தக் கிருமி உள்ளே போனபின் சாதாரணமாக ஐந்தாறு நாளில் நோய் வெளியே தெரியும். சில கோழிக்கு 15 நாள்கூட ஆகும். அம்மை 4 முதல் 10 நாளில் தெரியும். உள்ளே பதுங்கியிருக்கும் மூச்சு நோய், பயண அலுப்பும் புது இடத்துப் பயமும் சேர்ந்த பிறகு மெதுவாகத் தலைகாட்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் 30 நாள். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று அவிழ்த்துவிட்டவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

5. தனியாக வைப்பது என்றால் முழுக்கத் தனியாக வையுங்கள்.

அதே கூட்டில் நடுவே சாக்கைத் தொங்கவிட்டுத் தனியிடம் என்று சொல்லக் கூடாது. மூச்சுக்காற்று, எச்சம், தண்ணீர்ச் சட்டி, உங்கள் செருப்பு எல்லாமே கிருமி ஏறி வரும் வண்டி. முப்பது நாற்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட கோழிகள் கொல்லை முழுவதும் மேய்வதால், பல வீடுகளில் மொட்டை மாடிதான் சரியான இடம். கம்பிக் கூண்டு, மேலே தென்னங்கீற்று, மழைக்குத் தார்ப்பாய், பூனை புகாத கதவு. வெயில் ஏறும்போது கூண்டு நிழலில் இருக்கிறதா என்று மதியம் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். திரும்பியதும் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சட்டி, விளக்குமாறு, செருப்பு மூன்றும் மாடிக்கென்று தனியாக இருக்கட்டும்.

கூண்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் தினமும் எச்சத்தைப் பார்க்கலாம். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளைப் பூச்சோடு இருந்தால் நல்லது. இடையிடையே காப்பி நிறத்தில் பசையாக ஒன்று விழும். அதுவும் இயல்புதான், பயப்பட வேண்டாம். பச்சைத் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ இருந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

6. பழையதற்கும் புதியதற்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

நோய் புதியதிலிருந்து பழையதற்கு மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கோழி ஒருமுறை நோய் கண்டு பிழைத்து, கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு திரியலாம். புதிதாக வந்தது அதைப் பிடித்துக்கொண்டு சாகலாம். கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாம் வாரத்தில் மறுபடி சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். எங்கள் பக்கம் சனிக்கிழமை. பிப்ரவரியில் ஊர் ஊராக இரண்டு வார முகாமும் நடத்துவார்கள். வெயில் காலத்துக் கழிச்சல் வரும் முன் உடம்பில் எதிர்ப்பு ஏறிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

சொட்டு விடும்போது கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். வந்த அன்றே ஊசி வேண்டாம். நாலைந்து நாள் தீனி தின்று தெளியட்டும். நோயாகத் தெரியும் கோழிக்குப் போடவே கூடாது. போட்டபின் எதிர்ப்பு முழுதாக உருவாக 10 முதல் 14 நாள் ஆகும். அந்தக் கணக்கும் உங்கள் 30 நாளுக்குள் வந்துவிடும். சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தாராளமாகக் கொடுங்கள், ஊசிக்குப் பதிலாக மட்டும் கொடுக்காதீர்கள்.

7. பேனையும் புழுவையும் மாடியிலேயே முடித்துவிடுங்கள்.

அகலமான சட்டியில் அடுப்புச் சாம்பலும் மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து வையுங்கள். கோழி தானே புரண்டு பேனைக் குறைத்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் மருத்துவர் தரும் மருந்தைப் போட்டு, ஏழு முதல் பத்து நாளில் மறுபடி போடுங்கள். முதல் தடவையில் பேன் சாகும், ஈறு சாகாது. குடற்புழு மருந்தைப் புதியதற்குக் கொடுக்கும் அதே வாரம் பழையவற்றுக்கும் கொடுங்கள்.

கூட்டைப் பகலில் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தம் குடிக்கும் செள்ளும் உண்ணியும் பகலெல்லாம் மூங்கில் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டியபின் கோழி மேல் ஏறும். உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. இரவில் டார்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இருந்தால் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் புதியவற்றுக்கு அந்தக் கூடு.

8. மாதம் முடிந்ததும் பழைய கோழி ஒன்றை அங்கே அனுப்பிப் பாருங்கள்.

சளி நோய் கண்டு பிழைத்த கோழி வெளியே எந்தக் குறியும் காட்டாது. 30 நாள் அல்ல, மூன்று மாதம் தனியே வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கோழிகளோடு சேர்ந்த மூன்றாம் நாள் உங்களுடையவை தும்மத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கூட்டத்தில் அதிகம் முட்டையிடாத பழைய பெட்டை ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் புதியவற்றோடு வைப்பதுதான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் கீழே கொண்டுவரலாம். நோய் வந்தால் இழப்பு ஒன்றோடு நிற்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் பத்தையும் இழப்பதற்கு இது மேல்.

9. பார்க்கட்டும், தொட வேண்டாம்.

இனிமேல்தான் சண்டையைப் பற்றிய பேச்சு. கோழிக்கு முகம் தெரியும். தெரியாத முகம் தன் இடத்தில் மேய்ந்தால் விரட்டும். அந்த முகம் தினமும் கண்ணில் பட்டு, ஆனால் எட்டாத இடத்தில் இருந்தால், வேகம் தானாகக் குறையும். இதற்கு நம் வீடுகளில் இருக்கும் பஞ்சாரத்தைவிடச் சிறந்த சாதனம் இல்லை. பழையவை மேயும் இடத்தின் நடுவில், மர நிழலில், புதியவற்றைப் பஞ்சாரத்தால் மூடி வையுங்கள். பஞ்சாரத்தை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் கம்பு தூவுங்கள். முதல் நாள் பழைய பெட்டைகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், மூங்கில் இடுக்கில் கொத்தும். நாலைந்து நாளில் தலையைக்கூடத் தூக்காமல் பக்கத்திலேயே இரை பொறுக்கும். அதுதான் அடையாளம். ஒரு வாரம் பகலெல்லாம் இப்படி வைத்து, இரவில் தனிக் கூண்டில் அடையுங்கள். நிழல் நகரும்போது பஞ்சாரத்தையும் நகர்த்த மறக்காதீர்கள்.

10. ஒற்றையாகச் சேர்க்காதீர்கள், குஞ்சைப் பெரியதோடு சேர்க்காதீர்கள்.

ஒன்றே ஒன்று உள்ளே போனால் எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும். இரண்டு மூன்றாக விட்டால் கொத்து பங்காகும், ஒதுங்கி நிற்கவும் அவற்றுக்குத் துணை இருக்கும். ஒன்றுதான் கிடைத்தது என்றால், எட்டாவதில் சொன்ன அந்தப் பழைய பெட்டையோடு நன்றாகப் பழகவிட்டு, இரண்டையும் ஜோடியாகச் சேருங்கள்.

உருவத்தில் பழையவற்றுக்கு ஈடாக இருக்க வேண்டும். மூன்று மாதம் ஆகாததைப் பெரியவற்றோடு விடாதீர்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழி தாய்க்கோழிக்குத்தான் பொருந்தும். அயல் கோழி கொத்திக் குஞ்சு சாகும். கம்பித் தரையில் வளர்ந்த பண்ணைக் குஞ்சுகளுக்கு நம் மண்ணில் உள்ள ரத்தக் கழிச்சல் கிருமி பழக்கம் இருக்காது. ஈரத் தரையில் திடீரென்று விட்டால் ஒரே வாரத்தில் விழும். மழைக்காலத்தில் அந்த வேலையே வேண்டாம்.

தீனியும் இடிக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். வளரும் கோழி அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். சேர்ந்திருக்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போடுங்கள். கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடுவது தேவைக்குத் தின்றுகொள்ளும்.

11. பொழுது சாய்ந்தபின் சேருங்கள். விடியும் முன் எழுந்திருங்கள்.

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. எல்லாம் கம்பில் ஏறி அடங்கியபின், சத்தமில்லாமல் புதியவற்றைக் கொண்டுபோய்க் கம்பின் ஓரத்தில் உட்கார வையுங்கள். இதைப் பலரும் செய்கிறார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து வருவதில்தான் கெடுக்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் மூடிய கூட்டுக்குள் ஓட இடமில்லாமல் புதுக்கோழி மாட்டிக்கொள்ளும். முதல் சேவல் கூவும்போதே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள். அன்று வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துச் சேருங்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அன்று வேண்டாம்.

முந்தின நாளே கொல்லையைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து வையுங்கள், முருங்கைக் கிளையை வெட்டிக் குவியுங்கள், மூலையில் ஏணியைச் சாத்துங்கள். துரத்தப்படுவது ஒளியவும் ஏறவும் இடம் வேண்டும். தீனியை ஒரே தட்டில் வைக்காமல் நாலு இடத்தில் தூவுங்கள், தண்ணீரை இரண்டு இடத்தில் வையுங்கள்.

12. கொத்தினால் ஓடி வராதீர்கள். ரத்தம் கண்டால் காத்திராதீர்கள்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெரப்-எபே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்து, 1922-இல் இதை ஆய்வாக வெளியிட்டார். புதிய கோழி வந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி போட்டாக வேண்டும். இரண்டு பெட்டைகள் நேருக்கு நேர் நின்று, கழுத்து மயிரை விரித்து, ஒருமுறை எகிறும். ஒன்று தலையைத் தாழ்த்தி விலகிப் போகும். தீர்ந்தது வழக்கு. நடுவில் புகுந்து நீங்கள் விலக்கினால் தீர்ப்பு ஆகாமல் நாளைக்கும் அதே சண்டை நடக்கும்.

எதைப் பார்த்தால் இறங்க வேண்டும்? தலையை மூலையில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றால். மாலையில் இரைப்பை காலியாக இருந்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் வந்தால். சிவப்பைக் கண்டால் கூட்டமே அதே இடத்தில் கொத்தும். நல்ல குணமுள்ள பெட்டையும் சேர்ந்துகொள்ளும். உடனே எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, புண் காயும்வரை தனியே வையுங்கள். ஆனால் கூட்டம் பார்க்கும் இடத்திலேயே பஞ்சாரத்துக்குள் வையுங்கள். கண்மறைவாக வைத்தால் உங்கள் சொந்தக் கோழியே திரும்பும்போது அயலாகிவிடும்.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். எல்லாரையும் கொத்தும் ஒரு ரவுடிப் பெட்டை இருந்தால், அடிபடுவதைத் தூக்காமல் அதைத் தூக்கி நாலைந்து நாள் கண்மறைவாக வையுங்கள். திரும்பி வரும்போது அது புது ஆள்; வரிசையில் பின்னால்தான் நிற்கும். முட்டை ஒரு வாரம், இரண்டு வாரம் குறையும். அதற்காகக் கவலைப்பட்டு மருந்து வாங்காதீர்கள்.

13. சேவலை மாற்றினால் பழையதை அனுப்பிவிட்டு மாற்றுங்கள்.

தகப்பனும் மகளுமாகவே இணைந்துகொண்டிருந்தால் குஞ்சு நோஞ்சானாகும், முட்டை பொரிப்பது குறையும். அதனால் வேறு ஊர்ச் சேவல் அவ்வப்போது வரத்தான் வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வளர்ந்த இரண்டு சேவலைச் சின்னக் கொல்லையில் அறிமுகம் செய்யப் பார்க்காதீர்கள். அதிலும் சண்டை இரத்தமுள்ள அசீல், பெருவிடை வகையாக இருந்தால் ஒன்று சாகும்வரை நிற்காது. அந்த வகைப் பெட்டைகளும் லேசுப்பட்டவை அல்ல.

ஒரு கணக்கு பலருக்குத் தெரியாது. பழைய சேவல் போனபின்னும் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். புதுச் சேவலின் வாரிசுதான் வேண்டும் என்றால், மூன்று வாரம் கழித்து இடும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

14. பண்ணையில் கழித்த கோழி என்றால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் முட்டை குறைந்த கோழிகளைக் கழித்து மலிவாக விற்பார்கள். இரக்கப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. கம்பிக் கூண்டில் வாழ்ந்த அந்தக் கோழிக்குக் கம்பில் ஏறத் தெரியாது, மண்ணைக் கிளறத் தெரியாது, பருந்து நிழல் கண்டு பதுங்கத் தெரியாது. அலகு நுனியை வெட்டியிருப்பதால் தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்கவும் திணறும். திருப்பிக் கொத்தவும் முடியாது. அரைத்த தீவனத்தை ஆழமான தட்டில் வையுங்கள். முதலில் தனி அடைப்பில் மண் பழகட்டும். நாட்டுக்கோழிகளோடு சேர்ப்பதை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

15. முடிந்தால் கோழியை வாங்காமல் முட்டையை வாங்குங்கள்.

இத்தனை பாடும் குறைய வேண்டுமானால் நல்ல வழி உங்கள் வீட்டு அடைக்கோழிதான். பிடித்த இனத்தின் கருமுட்டையை நோயில்லாத வீட்டில் வாங்கி, கரியால் ஒரு கோடு போட்டு, பத்துப் பன்னிரண்டு வையுங்கள். 21 நாளில் குஞ்சு. முட்டை வழியாகவும் சில நோய் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேன், உண்ணி, குடற்புழு, அம்மை எதுவும் கூட வராது. இடி இடித்தால் முட்டை கூழாகும் என்று கூடைக்குள் இரும்புத் துண்டு வைப்பது நம் வழக்கம். வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதைவிட, வைத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுங்கள்.

பொரித்த குஞ்சுகளை வாங்கினாலும் அடைக்கோழியிடம் ஒப்படைக்கலாம். பிறந்து இரண்டு நாளுக்குள் இருக்க வேண்டும். கோழி மூன்று வாரமாவது அடையில் கிடந்திருக்க வேண்டும். இரவில், அடியிலுள்ள முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே குஞ்சை ஒவ்வொன்றாக நுழையுங்கள். காலையில் குரல் கொடுத்து அழைத்தால் ஏற்றுக்கொண்டது. கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். தாயோடு கொல்லையில் இறங்கும் குஞ்சைக் கூட்டத்தில் எதுவும் நெருங்காது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய் கொத்திப் பிரிக்கும்போது, மற்ற கோழிகளுக்கு அவை பார்த்துப் பழகிய முகங்களாகிவிட்டிருக்கும்.

16. உங்கள் கொல்லைச் சீக்கை அடுத்தவர் கொல்லைக்கு விற்காதீர்கள்.

எல்லாம் செய்தும் நோய் வரும். ஒன்று செத்தால் மீதியைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டாவது அறிவுரையில் உங்களை நான் எச்சரித்தது அப்படி ஓடிவந்தவர்களைப் பற்றித்தான். செத்ததைக் கண்மாயிலும் சாலையோரத்திலும் வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் பல செத்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடு காலியாகிவிட்டால் எச்சத்தையும் பழைய வைக்கோலையும் வாரி எரித்து, சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயிலில் ஒரு மாதம் திறந்து போடுங்கள். அந்த ஒரு மாதம் யார் இலவசமாகக் கொடுத்தாலும் கோழி வாங்காதீர்கள். அதன்பின் முதல் அறிவுரையிலிருந்து தொடங்குங்கள்.